நாற்காலிகள் வந்த கூட்டம்

பகுதிநேரச் செய்தியாளனுக்குப் பெரிய சம்பளமெல்லாம் கிடையாது. அவனுக்கென்று இருப்பது செய்தியின் முதல் வரி ஒன்றுதான். தலைவர் வந்தார், பேசினார், போனார் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எனக்கு அது ஆகாது. விருதுநகரில் என் வாடகை அறையில் உட்கார்ந்து, ஒரு வரிக்காக எத்தனையோ டீயை ஆறவிட்டிருக்கிறேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமென்றால் அண்ணன் வீடுதான். அண்ணனுக்குப் பருப்புக் கடை, கட்சியில் ஒரு பொறுப்பு, இன்னும் மேலே போக ஆசை. தீபாவளிக்கு முன்னால் சிவகாசிக் கூட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்துவிட்டார். பருப்பு வியாபாரிக்குப் பட்டாசு சீசன் எங்கே ஞாபகம் இருக்கும்? ஆர்டர் நெருக்கும் நேரத்தில் ஞாயிறும் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேன் ஓடும். மேடையில் தலைவர், கீழே காலி நாற்காலிகள், ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு அண்ணன்.

‘பட்டாசு சீசனில் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வரும், வந்தன.’

அண்ணன் ஏற்பாடு என்று தெரியாமலா எழுதினேன்? தெரியும். நல்ல வரி, விட மனசு வரவில்லை.

மறுநாள் அந்த வரி எல்லார் போனிலும் இருந்தது. மீதிச் செய்தியை ஒருத்தரும் படிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். அண்ணனின் பொறுப்பு போனது. மதனி கொடுத்துவிடும் சாப்பாடும் நின்றது. பொய்யா எழுதினேன்? சத்தம்போட்டுக் கேட்கலாம்தான், பதில் சொல்ல அறையில் ஆள் வேண்டுமே! புரோட்டாக் கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நிற்பவரைத் தழுவுவது வழக்கம். பகையாளியானாலும் விலகிப் போக முடியாது. அடுத்து வந்த பெருநாளில் தொழுதுவிட்டுத் திரும்பினால் அண்ணன் நிற்கிறார். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா?

தழுவினார். “நல்லாத்தாம்லே எழுதியிருந்தே,” என்றார் காதோரம். “கொஞ்சம் மோசமா எழுதியிருந்தா ஊரு மறந்திருக்கும். நானும் மறந்திருப்பேன்.”

கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தழுவப் போய்விட்டார்.