மணக்காத நண்டு

நாடு முழுக்க மின்வெட்டு வந்த அந்த வருடம், என் கலாநிதிப் பட்டம் ஆய்வுகூடத்தில் ஒரு பிரீசருக்குள் இருந்தது. மிகைப்படுத்தவில்லை. கொழும்புத்துறைக் கடலில் நண்டுகள் வலையிலேயே செத்துச் செத்து வந்த காலத்தில், அப்பா பிடித்துத் தந்தவற்றின் தசைத் துணுக்குகள் அதற்குள் இருந்தன. அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, எந்த வைரஸ் கொன்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆர்.என்.ஏ. ஒரு ரோசக்காரச் சாமான். மைனஸ் எண்பது பாகையில் வைத்தால் இருக்கும், இளகவிட்டால் உடைந்துபோகும்.

ஜெனரேற்றருக்கு டீசல் தீர்ந்த அன்று, பிரீசருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய? உள்ளே வெப்பம் ஏறுவதை முகப்பு இலக்கங்கள் காட்டிக்கொண்டே இருந்தன. தெரிந்தவர்களிடமெல்லாம் உதவி கேட்டாயிற்று. கடைசியில் வீட்டுக்குப் போன் எடுத்து அழுதேன்.

படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் அப்பாவும் கடலுக்குப் போகவில்லை. மீன்பெட்டி நிறைய உடைத்த ஐசும் ஒரு பை உப்பும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஐஸ் கொம்பனியில் கெஞ்சி வாங்கினாராம். உப்புப் போட்டால் ஐசின் குளிர் கூடும் என்பது சரிதான், ஆனால் மைனஸ் எண்பதுக்கு அது எந்த மூலைக்கு? சொல்ல மனம் வரவில்லை. துணுக்குகள் இருந்த குழாய்களை எடுத்துக் கொடுத்தேன். மீன் அடுக்குவதைப் போலவே அடுக்கிப் புதைத்தார்.

மறுநாள் மின்சாரம் வந்ததும் ஒரு குழாயைத் திறந்து மூக்கருகே பிடித்தார்.

"மணக்கேல்லைப் பிள்ளை. சரக்கு நல்லாத்தான் இருக்கு."

ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, உடைந்துவிட்டதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். கோடுகள் விழவேண்டிய இடத்தில் வெறும் புகைபோல ஏதோ தெரிந்தது. எல்லாம் உடைந்து தூளாகியிருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். மாதிரிகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஆராய்ச்சிக்குத் தந்த காலம் முடியப்போகிறது என்பது அவருக்கும் தெரியும். பழுதாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மணக்கவில்லையே, மணக்கவில்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பழுதான மீன்தான் மணக்கும் என்று வாழ்நாளெல்லாம் மூக்கை நம்பி மீன் விற்றவர். எனக்கோ அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அவர் என்ன பிழை செய்தார் என்று தெரியாமலே.

மண்ணெண்ணெய் கிடைத்ததும் முதல் ஆளாகக் கடலுக்குப் போனார். நண்டுகளைச் சந்தைக்குக் கொடுக்காமல் எனக்கென்று கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கொழுத்து, கொடுக்கை விரித்துக்கொண்டு நின்றது.

"உது காணுமே, இன்னும் வேணுமே?"

நோய் பிடித்த நண்டுதான் வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நோயெல்லாம் போட்டுது பிள்ளை. இப்ப ஒரு நண்டும் சாகேல்லை. கொம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினது வீண்போகேல்லை."

ஓம் என்றேன். கரை முழுக்கச் சந்தோஷம். என் ஆராய்ச்சிக்காக அந்த நோய் திரும்பி வரவேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? அம்மா நண்டுகளைக் கறி வைத்தார். பெரிய கொடுக்கை உடைத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டேன்.