அம்மை போட்ட வீட்டில் கடைசி அங்கம்

இந்த ஊரில் மாடி ஜன்னல்கள் ஒரு சாணுக்குமேல் திறப்பதில்லை. சட்டத்தில் சின்னக் கொக்கி ஒன்றைப் பொருத்தித் தடுத்து வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் அதைப் பழுது என்று நினைத்து வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஜன்னலை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் ‘தேங்க்யூ’ சொன்னேன். ஒரு குறையைத் தீர்த்துவிட்ட நிம்மதியோடு அவர் படியிறங்கிப் போனார். ஜெயங்கொண்டம் பக்கம் நாங்கள் ஜன்னலுக்குக் கம்பி போடுவது திருடன் உள்ளே வராமலிருக்க. இங்கே உள்ளே இருப்பவர்கள் வெளியே விழாமலிருக்க. அந்த ஒரு சாண் இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டு, எதிர்ச் சாரியில் இருந்த சலவைக் கடையை நான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பெரம்பலூர்க்காரர். கை ருசிக்குப் பேர்போனவர். லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் தோசைக் கடை வைத்திருந்தவர் அவரைச் சமையலுக்கு அழைத்துக்கொண்டார். அழைத்தவர் கடையில்தான் வேலை பார்க்கலாம், வேறு கடைக்கு மாறினால் விசா போய்விடும். கடைக்கு மேலேயே எங்களுக்கு இரண்டு அறை. கீழே அவர் தோசை சுடுவார். நான் வெங்காயம் உரிப்பேன். எங்கள் ஒரே மகள் கயல்விழி பள்ளிக்கூடம் போவாள். ஊரில் எல்லோரும், ‘உனக்கென்னம்மா, லண்டன்ல இருக்கே’ என்பார்கள். நான் பார்த்த லண்டன் கீழே இறங்கும் பதினாலு படியும் அதற்கப்புறம் வரும் வெங்காய மூட்டையும்தான். இதைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

கயலுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி இங்கேயும் ஒரு பெரிய பரீட்சை உண்டு. அந்த வருடம் என் வீட்டுக்காரர் ஒரு முடிவு சொன்னார்.

“இங்கிலீஷ்ல நல்லா வாங்குனான்னா இன்னும் ரெண்டு வருஷம் மூணு பேரும் இங்கேயே இருப்போம். வாங்கலேன்னா நீயும் அவளும் பெரம்பலூருக்குப் போயிடுங்க. எங்க அக்கா வூட்டுப் பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. நான் மட்டும் இருந்துக்குறேன்.”

கயல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. எனக்கோ நெஞ்சு சட்டென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது. ஊருக்குப் போகலாம்! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரி, ‘எந்த ஊரு, யாரு மவ’ என்று கேட்பாளே, அந்தக் கேள்விக்காகவே போகலாம். ஆனால் அதற்கு என் பிள்ளை பரீட்சையில் விழ வேண்டும். எந்தத் தாய் அப்படி வேண்டிக்கொள்வாள்? கல்லங்குறிச்சிப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

அவளுக்கு வைத்திருந்த பாடம் ஒரு பழைய நாடகம். பெயரைச் சொல்லப் போவதில்லை. கதை மட்டும் சொல்கிறேன். ஒரு தீவு. கரையிலிருக்கும் ஊரிலிருந்து அங்கே வாக்கப்பட்டு வந்த ஒருத்தி. புருஷன் இறந்துபோகிறான். அவள் பிறந்த ஊருக்குப் போகும் படகு எப்போதாவதுதான் வரும். ஒவ்வொரு முறையும் மாமனார் அவள் பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறார். இந்த இரண்டு வரிக் கதையை எழுதியவர் ஒருவருக்கும் புரியாத பழைய இங்கிலீஷில் ஐந்து அங்கத்துக்கு இழுத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் படிப்பதற்குள் கயலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பன்னிரண்டு வயது வரை ஜெயங்கொண்டத்தில் என் அம்மா வீட்டில் இருந்து தமிழில் படித்த பிள்ளை அவள்.

நூலகத்தில் அதே நாடகத்தை வைத்து எடுத்த படங்கள் கேசட்டில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மூன்றைக் கொண்டுவந்தாள். ஒன்று கறுப்பு வெள்ளை. ஒன்று டிவிக்காகக் கலரில் எடுத்தது. இன்னொன்றில் எல்லோரும் பேன்ட் சட்டை போட்டிருந்தார்கள், படகுக்குப் பதில் ஹெலிகாப்டர் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து கடை மூடியிருக்கும் நேரத்தில் நானும் அவளும் மாடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடத்தி முடித்த அங்கம் வரை மட்டும் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். எனக்கு வசனம் பாதி புரியாது. ஆனால் படம் பார்ப்பதில் நான் சாமானியப்பட்டவள் இல்லை. என் சித்தப்பா ஜெயங்கொண்டத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு விட்டவர். கல்யாண வீடு, காதுகுத்து என்று அவர் படம் போட்ட இடத்துக்கெல்லாம் சின்னப் பிள்ளையில் கூடவே போயிருக்கிறேன்.

“மாமனார்காரன் சாவிய எங்க வெச்சிருக்கான் பாருடி” என்பேன்.

“இதுல கோட்டு பாக்கெட்ல. அந்தக் கலர் படத்துல மேச மேலயே கெடந்துச்சும்மா. யாரு வேணா எடுக்கலாம்.”

“அப்ப அவ ஏன் எடுக்கல?”

கயல் புத்தகத்தைப் புரட்டுவாள். “புக்குல சாவி எங்க இருக்குன்னே போடல. இவனுங்களா வெச்சுக்கிட்டது.” அப்படித்தான் அவளுக்கு நாடகம் பிடிபட ஆரம்பித்தது. படத்தில் எது நாடகம், எது படம் எடுத்தவன் கைச்சரக்கு என்று அவளே பிரித்துச் சொல்லுவாள். அவள் முகம் தெளியத் தெளிய எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உடனேயே, நம் கதவை நாமே சாத்திக்கொள்கிறோமே என்றும் இருக்கும்.

நான்கு அங்கம் முடிந்த சமயத்தில் அவளுக்கு அம்மை போட்டது. முகமெல்லாம் முத்து. டாக்டர் சாதாரணமாக ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கென்ன தெரியும்? நம் வீட்டில் அம்மை போட்டால் ஆத்தாள் வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தாளிக்கக் கூடாது. சாவுக்குப் போய் வந்தவர்கள் வாசல் மிதிக்கக் கூடாது. துக்கச் செய்தியை வாயால்கூடச் சொல்லக் கூடாது. வேப்பிலைக்கு இங்கே எங்கே போவது? மஞ்சள் தண்ணீரை மட்டும் வாசலில் தெளித்தேன். நான் அடுப்பில் எண்ணெய் வைக்கவில்லை, சரி. கீழே என் புருஷன் காலையிலிருந்து கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக்கொண்டிருக்கிறார், அந்த நெடியெல்லாம் படியேறி நேரே பிள்ளை படுத்திருக்கும் அறைக்கு வருகிறது. ஆத்தாளிடம், ‘பொழப்பு இப்படித் தாயே’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும், “பள்ளிக்கூடத்துல கடைசி அங்கம் நடத்திக்கிட்டு இருப்பாங்கம்மா, அத மட்டும் போடும்மா” என்று கெஞ்சினாள். கறுப்பு வெள்ளைக் கேசட்டைப் போட்டேன். மாமனார் மனசு மாறிச் சாவியை விட்டெறிகிறார். பெட்டி திறக்கிறது. தூரத்தில் படகின் சங்கு ஊதுகிறது. அவள் கரைக்கு நடக்கிறாள். படகைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் சாகப் போகிறாள். சட்டென்று எழுந்து நிறுத்தினேன்.

இது சித்தப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கல்யாண வீட்டில் சோகப் படம் போட நேர்ந்தால், கதாநாயகி சாவதற்கு முன்னால் டெக்கை அணைத்துவிட்டு, “சுபம், எல்லாரும் சாப்புடப் போங்க” என்பார். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கதாநாயகிகள் எல்லாம் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நானும் வாக்கப்பட்டுப் பெரம்பலூர் போன பிறகுதான் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து, அவள் செத்ததைத் தாங்க முடியாமல் மாமியார் வீட்டில் தேம்பித் தேம்பி அழுதேன்.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்றாள் கயல், கண்ணை மூடியபடி.

“முடிஞ்சிருச்சு. படகு வந்துருச்சுல்ல, போயிட்டா. நீ தூங்கு.”

முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு உண்மையான முடிவைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தண்ணீர் ஊற்றினேன். சொல்ல விட்டுப்போயிற்று. அவள் பள்ளிக்கூடம் போன அன்றே மாதிரிப் பரீட்சை வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் இங்கிலீஷ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உயரமான, மெல்லப் பேசும் பெண்மணி. கயலின் விடைத்தாளை வைத்துக்கொண்டு, மிகவும் கற்பனை வளத்தோடு எழுதியிருக்கிறாள், கதாநாயகி படகில் ஏறிப் போய்விட்டதாக முடித்திருக்கிறாள், அது துணிச்சலான பார்வை என்றார். என் பிள்ளையைப் பாராட்டுகிறார் என்று நான் பூரித்துப்போய், “தேங்க்யூ மேடம், தேங்க்யூ” என்றேன். அவர் தயங்கி, வீட்டில் எல்லாம் நலம்தானே, கயல் எங்கேயாவது போக வேண்டும் என்று நினைக்கிறாளா என்று கேட்டார். “இல்லை மேடம், நான்தான்” என்றேன். டீச்சர் என் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. பக்கத்தில் கயல் சுண்ணாம்பாக வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசல் தாண்டும்வரை கயல் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு நின்றாள்.

“ஃபெயில்மா. அதத்தான் அவங்க அவ்ளோ நாசூக்கா சொன்னாங்க. கடைசில அவ தண்ணில எறங்கிச் செத்துப் போறா. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல.”

“அம்ம போட்ட வூட்ல சாவக் காட்டக் கூடாதுடி. உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதான்...”

“பொய் சொல்லாத. நான் ஃபெயிலானா நீ ஊருக்குப் போவலாம். அதுக்குத்தான நிறுத்துன?”

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. கை எழவில்லை. சத்தியமாக அந்த நேரத்தில் நான் ஊரை நினைக்கவில்லை. பிள்ளையின் முகத்து முத்துக்களைத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டுவிட்ட பிறகு, அந்த நினைப்பு எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு எத்தனை முறை ‘இல்லை’ என்று எனக்கே சொல்லிப் பார்த்தாலும் நானே நம்பவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். அந்தத் தெருவில் யாரோ இரண்டு அந்நியர்கள் போகிற மாதிரிதான் போனோம்.

மறுநாள் நூலகத்துக்கு நானே போனேன். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு மூன்று கேசட்டையும் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மூன்று படத்திலும் கதாநாயகி செத்தாள். கறுப்பு வெள்ளையில் சால்வை மட்டும் மிதந்தது. கலரில் அவளைக் காட்டவே இல்லை, மாமனார் முகத்தைத்தான் காட்டினார்கள். மூன்றாவதில் ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் கேட்டது. கயல் நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொண்டாள். கடைசியில் பேனாவைக் கடித்தபடி கேட்டாள்.

“பொட்டியதான் தொறந்து வுட்டாச்சே. படகும் நிக்கிது. ஏம்மா ஏறல? புக்குலயும் காரணம் இல்ல.”

நான் யோசிக்காமலே சொன்னேன். “அத்தன வருசம் பூட்டியே கெடந்த பொட்டிடி. தொறந்து பாத்தா உள்ள இருக்குற துணி ஒண்ணும் இப்ப அவளுக்குச் சேராது. எதக் கட்டிக்கிட்டு அந்த ஊருல போயி எறங்குவா? இந்த வூடும் அவளுக்கு ஆவாது.”

கயல் என்னையே பார்த்தாள். கோபம் போயிருந்தது. அதைவிடக் கஷ்டமான ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்தது. பிறகு குனிந்து நான் சொன்னதை இங்கிலீஷில் எழுதினாள்.

பெரிய பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது என்றாள். அதையே எழுதிவிட்டு வந்தாளாம். ஆகஸ்டில் முடிவு வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு நானும் போனேன். நல்ல மதிப்பெண். கயல் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்குப் பொல பொலவென்று கண்ணீர் கொட்டியது, நிறுத்தவே முடியவில்லை. அந்த உயரமான டீச்சர் ஓடி வந்து, ஆனந்தக் கண்ணீர், ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லி, கேமராவை எடுத்து எங்கள் இருவரையும் படம் பிடித்தார். கயல் மட்டும் குதிப்பதை நிறுத்திவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் கொடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்றை ஊருக்கு அனுப்பினேன். ஜெயங்கொண்டத்தில் அண்ணன் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களிடமெல்லாம், “புள்ள பாஸானதுல சந்தோசத்துல அழுவுறா பாருங்க” என்று காட்டுவதாக அண்ணி போனில் சொன்னாள். இன்னொன்று இங்கே மாடி அறைச் சுவரில் இருக்கிறது. பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களும் அதையேதான் சொல்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. இரண்டு ஊரிலும் சுவரில் மாட்டிக்கொண்டு ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் சந்தோஷமாகவும் இருக்கிறாள்.