மகளுக்கென்று எடுத்து வைத்த ஏடு

தெருவில் அவளுக்குப் பேர் 'சக்கரம்'. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று யாரோ கேலி செய்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐந்து கறவை மாடுகள். கொட்டகையில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டு மாடுகள் வாலைச் சுழற்றிச் சுழற்றியே ஓய்ந்துபோகும். இவளுடையவை மகாராணிகள் மாதிரி படுத்து அசைபோடும்.

எல்லாம் ஒரு எண்ணெயின் உபயம். லைன்மேன் வேலை பார்க்கும் தம்பி, பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் வடித்த எண்ணெயை டின் டின்னாகக் கொண்டுவந்து கொடுப்பான். கரையான் அரிக்காமலிருக்க மரத் தீவனத் தொட்டியில் பூசுவாள். மிச்சத்தை மாடுகளின் கால்களில் தடவிவிடுவாள். பத்து வருஷமாக இதே கதை. மாடு தொட்டியையும் நக்கும், தன் காலையும் நக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். எண்ணெய்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டாள். அவளைச் சொல்லி என்ன பயன், அந்த டின்னில் என்ன இருந்தது என்று கொண்டுவந்தவனுக்கே தெரியாது.

பால் சொசைட்டிக்காரர்கள் சோதனைக்குப் பால் எடுத்துப் போன பத்தாம் நாள், மாட்டு டாக்டர் வாசலில் வந்து நின்றார். பாலில் ரசாயன விஷம் இருக்கிறது, இனி ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்றார். தண்ணீர்கூடக் கலக்காதவளைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்களே என்று எகிறினாள். அவர் கொட்டகையில் இருந்த அந்த எண்ணெய் டின்னைக் காட்டி நிதானமாக விளக்கினார். அந்த விஷம் காய்ச்சினாலும் போகாதாம். கொழுப்பில் புகுந்தால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்குமாம்.

"பால்ல கொழுப்பு எங்க சார் இருக்கும்?"

"ஏட்டுலதாம்மா நிறைய."

அவளுக்குப் பகீரென்றது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் பாலைக் காய்ச்சி, படிந்த ஏட்டை வழித்து, சர்க்கரை தூவி, ஊட்டாத குறையாகக் கொடுத்துவந்தவள் இவள்தான். திகட்டுகிறது என்று மகள் மூஞ்சியைச் சுளித்தால் விட்டாளா? இப்போது பேரனுக்கு மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும்தான்.

கறப்பதை நிறுத்திவிடாதீர்கள், மாட்டின் உடம்பைவிட்டு அது வெளியேற முக்கியமான வழியே பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பால்தான் வழி என்ற அந்த ஒன்றை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. விடிந்ததும் கறந்து, கறந்ததை மூடி போட்ட பீப்பாயில் ஊற்றுவாள். ஓடிவந்து குழந்தையைத் தொட்டுப் பார்ப்பாள். அது நன்றாகத்தான் இருக்கும், பொக்கை வாயால் சிரிக்கும். மறுபடி கொட்டகைக்கு ஓடுவாள். தம்பிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை.

முடிவு வந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, தாய்ப்பாலால் வரும் நன்மைதான் பெரிது, தொடர்ந்து கொடுக்கலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மகள் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரத்தத்தில் இருந்த விஷத்துக்குப் போட்டிருந்த எண், அவளுடையது அம்மாவுடையதைப்போல ஏழு மடங்கு.

"உனக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு கம்மி?"

ஐந்து மாடு வைத்திருந்தும் அவள் குடித்தது பால் விடாத டீ. அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாருடைய பங்கையோ திருடித் தின்று பிழைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நல்லது எல்லாம் உனக்குன்னு எடுத்து வச்சேன்டி" என்றாள்.

உள்ளே குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. மகள் போய்த் தூக்கி வந்தாள். மடியில் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானில் கை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"குடுக்கவாம்மா?"

இவ்வளவு காலம் எதைச் சாப்பிடு, எதைக் குடி என்று அவள்தான் மகளுக்குச் சொல்லி வந்தாள். மகள் இப்படிக் கேட்டதே இல்லை. விஷம் வெளியேற வழியே பால்தான் என்று மாட்டு டாக்டர் சொன்னது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"குடு" என்றாள்.