குரங்கின் மேல் போட்ட வழக்கு

மேலகரத்தில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டாதீர்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சொந்த வீடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு குடிவந்தவன் நான். ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்ததும் அது சொந்த வீடு இல்லை, சொந்தக்காரர்களின் வீடு என்று தெரிந்துபோகும். போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" என்பார்கள். விழுகிறது என்றால் வேனில் வருவார்கள். ஒரு வருஷம் விழவில்லை என்று பொய் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் நேரில் பார்த்துவிடுவோம் என்று இரண்டு வேனில் வந்தார்கள்.

அப்படி ஒரு வேன் வந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில்தான் என் எலக்ட்ரிக் கிட்டார் உடைந்தது.

அதை நாற்பத்தெட்டு வயதில் வாங்கினேன். அந்த வயதில் மற்றவர்கள் சர்க்கரை பார்க்கும் மிஷின் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன், அது வேறு விஷயம். நான்கு வருஷத்தில் ஒரு பாட்டு கற்றுக்கொண்டேன், அதிலும் பாதி. ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று, எனக்கு மட்டுமென்று, யாரிடமும் கேட்காமல் நான் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். சாரல் ஈரம் படக்கூடாது என்று முன்னறைக் கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தி வைத்திருப்பேன். பிள்ளைகளைக்கூட அப்படிப் போர்த்தியதில்லை என்று மனைவி சொல்வாள்.

அன்று காலை, வந்திருந்த பதினோரு பேருக்கும் மீன் வாங்கத் தென்காசி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கிட்டார் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது. கழுத்து தனியாக, உடம்பு நீளவாக்கில் இரண்டாக. கம்பி முறுக்கும் ஆணிகள் வளைந்து, உள்ளே இருந்த வயரெல்லாம் குடல் மாதிரி வெளியே தொங்கியது. பக்கத்தில் பாதி தின்ற வாழைப்பழம்.

அதன் அருகே துண்டு கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி நின்றார் என் மனைவியின் அண்ணன். கடையத்துக்காரர். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஓய்வுபெற்றது அவருக்கு இன்னும் தெரியாது.

"மாப்ளே, பதறாதீரும். விசாரிச்சாச்சு. குரங்கு."

"குரங்கா?"

"பெரிய கடுவன். ஜன்னல் வழியா உள்ள வந்திருக்கு. கட்டில்ல கிடந்ததத் தூக்கிட்டு மாடிக்குப் போயி, அங்கனயிருந்து போட்டுட்டு. அந்தா பழம் கிடக்குலா?"

முன்னறை ஜன்னலுக்குக் கம்பி உண்டு. இரண்டு கம்பிக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி. ஒரு பீரோ நிறையத் துப்பறியும் நாவல் வைத்திருக்கிறவன் நான். அதில் குரங்கு எப்படி நுழையும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுற்றி நின்றவர்கள் வால் இவ்வளவு நீளம், பல் இவ்வளவு பெரிது என்று கையை விரித்துச் சாட்சி சொன்னார்கள். விருந்தாளிகள் முன்னால் கோபப்படக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பதினோரு பேருக்கும் நானே மீன்குழம்பு ஊற்றினேன். இன்ஸ்பெக்டர் அத்தானுக்கு நடுத்துண்டு வைத்தேன்.

கோபம் எங்காவது போக வேண்டுமே, குரங்குகளிடம் போனது. ஐம்பத்திரண்டு வயதில் கவட்டைக் கம்பு வெட்டி உண்டிவில் கட்டினேன். மாடியில் கூழாங்கல் குவித்து வைத்தேன். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில், வயிற்றோடு குட்டியை அணைத்து உட்கார்ந்திருந்த ஒரு தாய்க் குரங்கின் முன்னால் நின்று, "உன் புருஷன் எங்க?" என்று கேட்டிருக்கிறேன். குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

கிட்டாரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். இசைக்கருவி விற்கிற கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வருகிற டாக்டரின் குரலில், "வேற வாங்கிருங்க சார்" என்றார். வேற வாங்க எனக்குத் தெரியாதா? கோபத்தோடு பையை மூடி எடுத்து வந்தேன்.

நானே ஒட்டினேன். உடம்பின் இரண்டு பாதிக்கும் பசை தடவி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி, மேலே அம்மியை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. கழுத்துதான் அழும்பு செய்தது. பசை காயட்டும் என்று மூன்று நாள் விட்டு, கம்பி கட்டி முறுக்கினால், மூன்றாவது கம்பியில் 'டப்'. மறுபடி ஒட்டினேன். மறுபடி 'டப்'. சாரலில் உப்பே கரைகிறது, பசை எங்கே காயும் என்று சாரலைத் திட்டிவிட்டுத் தை மாதம் வரை காத்திருந்தேன். வெயிலில் ஒட்டினேன். 'டப்'. அந்தத் தடவை கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது.

தென்காசியில் கட்டிலும் நிலைக்கதவும் செய்கிற ஆசாரி ஒருவரிடம் கழுத்தை மட்டும் எடுத்துப் போனேன். அவர் ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, இது எண்ணெய் குடிச்ச மரம்லா. எவன் ஒட்டினாலும் நிக்காது."

"நான் எண்ணெயே போடலியே?"

"நீங்க போடல. ஒடிஞ்ச உடனேயே யாரோ எண்ணெய்க் கையால பொருத்திப் பொருத்திப் பாத்திருக்காவ. மோந்து பாருங்க."

மோந்தேன். நல்லெண்ணெய். அதற்குள் மிளகு. அதற்கும் உள்ளே லேசாகச் சீரகம். அருவிக்குப் போகுமுன் உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ள, இப்படி ஒரு எண்ணெயைக் காய்ச்சி, பழைய பிராந்திப் பாட்டிலில் அடைத்துச் சீசனுக்குச் சீசன் கடையத்திலிருந்து கொண்டுவருகிற மனிதர் பூமியில் ஒருவர்தான்.

"குரங்கு செஞ்சதுன்னுலா சொன்னாவ" என்றேன்.

ஆசாரி சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "குரங்கு எண்ணெய் தேச்சுக் குளிக்குமா, அண்ணாச்சி?"

வீட்டுக்கு வந்தேன். மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூச்சல் போட்டு முடிக்கும்வரை நறுக்கினாள்.

"அண்ணன் எண்ணெய் தேச்சுட்டு அந்தக் கட்டில்ல உக்காந்தாவ. போர்வைக்குள்ள அது கிடந்தது தெரியல. கழுத்து ஒடிஞ்சிட்டு."

"கழுத்து மட்டுமா?"

"ஆமா."

"அப்ப உடம்பு?"

அப்போதுதான் கை நின்றது. "கழுத்து மட்டும் ஒடிஞ்சிருந்தா குரங்குன்னு நீங்க நம்புவியளா? அதான் மாடிக்குக் கொண்டுபோயி..."

உட்கார்ந்ததில் போனது கழுத்து மட்டும். உடம்பு போனது வழக்கை ஜோடித்ததில். வாழைப்பழத்தைப் பாதி தின்று வைத்தது யார் என்று கேட்டேன். அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அவளுக்கு வாழைப்பழம் பிடிக்கும்.

"உனக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். அம்புட்டுப் பெரிய மனுசன் உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா, அது உங்களுக்கே நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்கும். மிக மிக நன்றாக இருக்கும். உலகத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டாம், அது ஒன்று போதும் என்கிற அளவுக்கு நன்றாக இருக்கும். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஓட்டலில் சாப்பிட்டேன். கோபத்தில் பரோட்டா இரண்டு கூடுதலாக இறங்கியது.

ஆசாரி எண்ணெய் ஏறிய மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, கட்டில் காலில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை அந்த இடத்தில் இழைத்துப் பொருத்தினார். பிடித்துக்கொண்டது. கழுத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக, தடவினால் முட்டி மாதிரி இருக்கும். வயர்களை நானே பற்றவைத்தேன். இரண்டு விரல் வெந்தது. ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் உள்ளே ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருந்து ரீங்கரித்தது. ஆனால் சத்தம் வந்தது.

அடுத்த ஆடியில் போன் வந்தது. "தண்ணி விழுதா மாப்ளே?" அதே வேன், அதே பதினோரு பேர், அதே பிராந்திப் பாட்டில். நான் மாதக்கணக்கில் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். உறவு, நேர்மை, காக்கி உடுப்பின் கண்ணியம் எல்லாம் அதில் உண்டு. அத்தான் முன்னறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கிட்டாரின் கழுத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அத்தான், இத ஒடிச்சது குரங்கு இல்ல. நீங்க."

அவர் கெண்டைக்காலைத் தேய்த்து முடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆமா. நீரு அன்னைக்கே என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே. நீரு கேக்கவே இல்லையே, மாப்ளே."

மற்ற பத்துப் பேரும் ஆமாம் என்பது போல என்னைப் பார்த்தார்கள். கேட்காதது என் தப்பு.

"வேல சுத்தமா இருக்கே, யாரு செஞ்சா?" என்று கையை நீட்டினார். நான் கிட்டாரை வெடுக்கென்று பின்னால் இழுத்து, "எண்ணெய்க் கை" என்றேன். தயார் செய்த பேச்சில் வெளியே வந்தது அவ்வளவுதான். அதுவும் அந்தப் பேச்சில் இல்லாதது.

அருவியில் குளித்துவிட்டு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, ஹாலில் வரிசையாகச் சாய்ந்தார்கள். குற்றாலக் குளியலுக்குப் பிறகு வருகிற மத்தியானத் தூக்கம் இருக்கிறதே, வெட்டிப்போட்ட மரம் அது. நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்து ஹால் வாசலில் வைத்தேன். குமிழைக் கடைசி வரை திருகினேன். கொசு யானையாகப் பிளிறியது. பாட்டை ஆரம்பித்தேன்.

பதினோரு உடம்பும் ஒன்றாக எழுந்தன. அத்தான் வேட்டியைத் தேடிக்கொண்டே, "யாருவே அது? தூங்குத நேரத்துல என்ன சத்தம் இது?" என்றார்.

"நானில்ல, அத்தான்" என்றேன். "குரங்கு."

எனக்குத் தெரிந்தது பாதிப் பாட்டு என்பதால் சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.