குசினி இல்லாத அறை

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. லண்டன் என்றால் மனைவியின் தங்கை வீடு, பரிஸ் என்றால் என் அண்ணை வீடு. ஹோலில் மெத்தை போட்டுப் படுப்போம். இரண்டாம் நாள் காலையிலேயே மனைவி அந்த வீட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்பாள். யாரும் அவளைக் கேட்பதில்லை, அவளும் யாரையும் கேட்பதில்லை. திரும்பி ரொறொன்ரோவில் வந்து இறங்கிய மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. எனக்குப் பேக்கரியில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கவும் எனக்கு வராது. அதனால் வீட்டில் எதையும் யோசித்து ஒழுங்கு செய்கிறவள் அவள்தான்.

போன விண்டரில், அவளோடு வேலை செய்யும் ஒரு கிரேக்கப் பெண் தன் தீவின் படங்களைக் காட்டியிருக்கிறாள். செப்ரெம்பரில் போனால் சனம் குறைந்துவிடும், கடல் மட்டும் சூடு ஆறாமல் இருக்கும் என்றாளாம். அன்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஏழு நாள் அந்தத் தீவிலை போய் இருப்பம். நானும் நீங்களும் மட்டும். நான் சமைக்கவும் மாட்டன், கட்டில் விரிக்கவும் மாட்டன்."

நான் ஓம் என்றேன். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் அவள் தனக்கென்று எதையும் கேட்டது எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறை தேடியதைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்கு ஒரு விடுமுறை மாதிரி இருந்தது. மகள் கணினியை மேசையில் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். மகள் கடலைக் காட்டினால் மனைவி தரையைப் பார்ப்பாள். கம்பளம் விரித்த அறை என்றால் அடுத்த படம். "அதுக்குள்ளை எத்தினை பேற்றை கால் கிடக்குதெண்டு எனக்குத் தெரியும்" என்பாள். கட்டில் நிறைய அலங்காரத் தலையணை அடுக்கிய அறைகளையும் தள்ளிவிட்டாள். அந்த உறைகளை ஒருத்தரும் தோய்ப்பதில்லையாம். குளியலறைப் படத்தைப் பெரிதாக்கி, தொட்டியின் ஓரத்தில் ஓடும் வெள்ளைப் பூச்சு கறுத்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் அந்தப் படத்தில் தொட்டியை மட்டும்தான் கண்டேன். படித்தவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதுபோல அவள் ஒரு அறையைப் பார்த்தாள்.

வந்துபோனவர்கள் எழுதியதை மகள் தமிழில் சொல்லுவாள். புகழ்ச்சிகளை மனைவி கேட்கவே மாட்டாள். "குறை என்ன எழுதியிருக்கினம், அதை வாசி."

கடைசியில் ஒன்பது அறை மட்டும் உள்ள ஒரு சின்ன விடுதி கிடைத்தது. கல்தரை, ஒரு வெள்ளைக் கட்டில், படியால் இறங்கினால் கடற்கரை. ஒருவர் மட்டும் குறை எழுதியிருந்தார்: அறையில் குசினி இல்லை, ஒரு தேத்தண்ணிகூடப் போடமுடியாது.

"அதுதான் எனக்கு வேணும்" என்றாள் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம். சம்பளம் வந்ததும் பதிவு செய்வதாக முடிவு.

இதற்கிடையில் பிழை விட்டவன் நான். அண்ணை பரிஸிலிருந்து ரெலிபோன் எடுத்தபோது கிரீஸ் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது, "நீங்களும் வாங்கோவன் அண்ணை" என்று வாய் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லாமல் கதையை முடிப்பதில்லை. கேட்பவரும் "பாப்பம், பாப்பம்" என்று விட்டுவிடுவார். அண்ணை விடவில்லை. இரண்டாம் நாளே அதே தீவில் ஒரு வீட்டின் படத்தை அனுப்பினார். நாலு அறை, பெரிய குசினி. தாங்கள் ஆறு பேர் என்றும், மிளகாய்த்தூள் தாங்கள் கொண்டுவருவதாகவும், அரிசி அங்கே எப்படியோ தெரியாததால் நாங்கள் கொஞ்சம் கொண்டுவரும்படியும் சொல்லியிருந்தார்.

மனைவி அந்தக் குசினிப் படத்தைக் கனநேரம் பார்த்தாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போனபோது பத்து இறாத்தல் அரிசிப் பை ஒன்றைத் தூக்கிப் பாரம் பார்த்தாள். பெட்டிக்குள் வைக்கலாமோ என்று என்னைக் கேட்டாள். அவள் ஏசியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

அண்ணைதான் என்னை வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவர். அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் கடைகளுக்கு முன்னால் காரை நிற்பாட்டி, சொல்ல வேண்டியதை இரண்டு தரம் எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அவருக்கு எடுத்தேன்.

"அண்ணை, வாங்கோ எண்டு நான் சொன்னது பிழை. இந்த முறை நாங்கள் ரெண்டு பேரும் தனியப் போறம்."

அவர் தன் வீட்டு ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஆர் சொல்லச் சொன்னது? அவவோ?"

"இல்லை. அவ அரிசி கட்ட வெளிக்கிட்டிட்டா. நான்தான் சொல்லுறன். ஒரு நாளைக்குப் பதினாறு அறை செய்யிற மனிசி அண்ணை. அங்கையும் வந்து எட்டுப் பேருக்குச் சமைக்கக் கூடாது."

"ஐம்பத்தஞ்சு வயசிலை உனக்கு ஹனிமூன்."

"ஐம்பத்திநாலு" என்றேன்.

கிரீஸ் வெயிலுக்கென்று அண்ணி ஏற்கெனவே தொப்பி வாங்கிவிட்டா என்று சொல்லிவிட்டு அவர் ரெலிபோனை வைத்தார். கோபமோ இல்லையோ, எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி முழுவதையும் கேட்டாள். மகளைக் கூப்பிட்டு அந்த அறை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருந்தது. அன்றே பதிவு செய்தோம்.

அடுத்த நாள் அவளே அண்ணிக்கு எடுத்தாள். நான் அண்ணையிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று என்னைத் தாழ்த்திச் சமாதானம் பேசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் சுகம் கேட்டாள், தொப்பி என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, திரும்பி வரேக்கை மூண்டு நாள் உங்களிட்டை நிக்கிறம். இந்த முறை நீங்கள்தான் சமைக்கோணும். நான் லீவிலை வாறன்."

அண்ணி சிரித்த சத்தம், ரெலிபோனைத் தாண்டி, கதவடியில் நின்ற எனக்கும் கேட்டது.