ஐந்தாவது துணி

அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறவள் நான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. இந்தப் புத்தி எனக்கு வந்த நாளை அவர்களிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். என் படிப்பு அதோடு சரி. அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; சாயல்குடியில் அவர் ஒரு வாடகை பிளஷர் கார் வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட எட்டு சிலிண்டர் வண்டி. பல கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு இல்லாத நோவு கிடையாது. ஓட்டுவது அய்யா, வைத்தியம் பார்ப்பது அம்மாவின் தம்பியான என் மாமா.

அந்தத் தை மாதம் இஞ்சினின் உச்சியில் இருக்கும் மேனிபோல்டைச் சுற்றி எண்ணெய் கசியத் தொடங்கியது. பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் இரும்புக் கூடு அது. கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் விழுந்து புகையும். வெள்ளை வேட்டியோடு ஏறுகிறவர்கள் இருமிக்கொண்டு இறங்குவார்கள்.

வேறு சமயமாக இருந்தால் மாமா அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்பார். ஆனால் தை அமாவாசைக்கு வண்டி பேசியிருந்தவர் நிலம் வைத்து விவசாயம் செய்கிற சிக்கல் ஊர்ச் சம்சாரி ஒருவர். ராமேஸ்வரம் கடலில் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறார்; ராமநாதபுரத்தில் அவரைக் காலை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அவருடைய மகளைத்தான் மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். "ஸ்பானர் பிடிக்கிறவனை நம்பி எப்படிய்யா குடுக்க?" என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். சிக்கலைத் தாண்டும்போது மட்டும் மாமா தலை சீவிக்கொள்வார். அதனால் எனக்கும் விஷயம் தெரியும்.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் மாமா மேனிபோல்டைக் கழற்றினார். கசியாமல் இருக்க அடியில் வைக்கும் அட்டையான பழைய பேக்கிங் கருகி ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டும்போது தூசி உள்ளே விழக்கூடாது. இஞ்சினில் இருந்த நான்கு துவாரங்களையும் துணியால் அடைக்க வேண்டும்.

"ஏ தாயி, ஒன் கைதான் சின்னது. துணியத் திணி. எத்தன வச்சேன்னு எண்ணிக்க. ஒண்ண விட்டோம், வண்டி செத்துப்போகும்" என்றார். அவர் தடித்த அட்டையில் புதுப் பேக்கிங் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். "லாபம்" என்பார்கள். அதன் பிறகு ரெண்டு, மூணு. நானும் பெரிய மனுஷிபோல முதல் துணியை "லாபம்" என்று சொல்லித் திணித்தேன். அது பின்பக்கத் துவாரத்தில் விரலுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. அதே துவாரத்தில் இன்னொரு துணியை அடைத்து "ஒண்ணு" என்றேன். மீதி மூன்றையும் அடைத்து முடித்தபோது என் கணக்கு நாலில் நின்றது.

"எத்தன புள்ள?"

"நாலு மாமா."

துவாரமும் நாலு. அவர் ஏன் சந்தேகப்படப்போகிறார்?

சுரண்டி முடித்து, மண்ணெண்ணெயில் துடைத்து, என்னைத் துணிகளை எடுக்கச் சொன்னார். துவாரத்துக்கு ஒன்றாக நான்கை எடுத்துக் காட்டினேன். பேக்கிங்கின் இரண்டு பக்கமும் அரக்கு தடவி வைத்து, நடுவிலிருந்து ஓரமாகப் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பிறகு, கசிந்தால் நனைந்து காட்டட்டும் என்று அம்மாவின் கோலமாவை விளிம்பு நெடுகத் தூவி வண்டியைக் கிளப்பினார். இஞ்சின் கொஞ்சம் திக்கியது. "கிழவி, சூடேறுனா சரியாயிருவா" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். கால்மணி நேரம் ஓடியும் மாவு நனையவில்லை. மாமா என்னைத் தூக்கி பானெட்டின் மேல் உட்காரவைத்தார். "நாளைக்கு நீயும் வாரே. ரயில் பாக்கலாம்."

சாயங்காலம் அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேப்பை அளந்தாள். "லாபம்... ரெண்டு... மூணு..."

லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. கைவிரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன்; ஒவ்வொரு தடவையும் ஐந்து வந்தது. மாமா கிணற்றடியில் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்ததே இல்லை, அடிக்குப் பயந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பாட்டு நின்றுபோகும், அதற்குத்தான் பயந்தேன். வண்டிதான் ஓடியதே, நான் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமாவிடம் சொல்லாமலே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது சிக்கலில் நின்றோம். சம்சாரி எள்ளுப் பொட்டலமும் மாற்று வேட்டியுமாக ஏறினார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இன்னைக்குச் சாம்பிராணி போடலையா?" என்றார். மாப்ள என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அய்யா ஹாரனை அடித்தார். மாமாவின் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

நாலைந்து மைல் போயிருக்கும். வண்டி இருமியது, குலுங்கியது, ஓர் ஊருணிக்கரையில் நின்றுவிட்டது. மாமா எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மேனிபோல்டைக் கழற்றினார். வெயில் ஏறிவிட்டது. சம்சாரி ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குறட்டை உள்ளே விட்டு மாமா இழுத்ததும், பாதி மென்று துப்பியதுபோல ஒரு கறுப்புத் துணி வந்தது.

"என்ன தம்பி இது?" என்று சம்சாரி கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஊருணியில் நின்ற கொக்கைப் பார்த்தேன்.

"என் கைப்பிசகுதான். எடுக்க மறந்துட்டேன்" என்றார் மாமா.

"ஏலே, இந்த வேலைக்குத்தான் ஒனக்குச் சோறு போடுறேனா?" என்று அய்யா கத்தினார்.

சம்சாரி கத்தவில்லை. "எண்ணெ ஒழுகல, சரி. இந்நேரம் ரயிலு போயிருக்கும். இன்னைக்கு எங்கப்பனுக்கு எள்ளும் தண்ணியும் யாரு விடுவா?" என்றார். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார். கொஞ்சதூரம் போய்த் திரும்பி, "துணிய மறக்கிறவன் நாளைக்கு எம்பிள்ளைய எங்கன மறந்து விடுவானோ!" என்றார்.

வைகாசியில் அந்தப் பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மாதமே மதுரையில் ஒரு பஸ் பட்டறையில் வேலை கிடைத்து மாமா கிளம்பினார். தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏ தாயி, மாமாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சரி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

என் வாயைப் பிடுங்கி அய்யாவிடம் மாட்டிவிடத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் வீடு வரைக்கும் ஓடினேன். பழியை என் தலையில் இறக்கிவைக்க வேண்டுமென்றால் அவர் ஊருணிக்கரையிலேயே இறக்கியிருக்கலாம் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை. தன்மேல் தப்பில்லை என்று அறிந்த இன்னொரு ஆள் உண்டு என்பதை, ஊரைவிட்டுப் போகுமுன் என் வாயால் ஒரு தடவை கேட்டுவிடத்தான் அவர் நின்றிருக்கிறார்.