உறை பிரிக்காத அத்தான்

என் அக்காவைக் கட்டிய மனிதர் எந்தப் பொருளுக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கமாட்டார். டிவி ரிமோட் உறைக்குள்ளேயே கிடந்து, எந்தப் பட்டனை அழுத்தினாலும் சத்தம்தான் கூடும். மெத்தையும் உறையோடுதான். அக்கா புரண்டு படுத்தால் அடுத்த அறையில் எனக்குச் சலசலவென்று கேட்கும். வேலைக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்த எனக்கு, இதையெல்லாம் பொறுத்துக்கொள்வதுதான் வாடகை.

அத்தானுக்கு ஃப்ரிட்ஜ், ஏசி விற்கும் கடையில் வேலை. வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வார்: “சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க. பின்னாடி ஒரு சாண் விடுங்க. காத்து போகலைன்னா எந்த மிஷினும் செத்துரும்.” அழகாகத்தான் சொல்வார். ஊருக்குத்தானே உபதேசம்!

கார் பந்தய வீடியோ கேம் ஆட அவருக்கு ஒரு லேப்டாப் வேண்டியிருந்தது. அக்காவும் தலையாட்டினாள். வீட்டு உள் அலங்காரத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் படிப்பை அவள் முடித்திருந்தாள். அதற்கும் அதே மாதிரி வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். “வாங்கினா ரெண்டு பேருக்கும்” என்பது பேச்சு.

தேர்ந்தெடுத்த கூத்து இருக்கிறதே! அக்காவைக் கட்டிக்கொள்ளக்கூட அவர் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார். கடை கடையாக ஏறி, ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்களின் ஓரத்தில் நாடி பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மெலிசானது சீக்கிரம் சூடாகி வேகம் குறையும், வேண்டாம் என்றார். ஒரே கார்டாக இருந்தாலும் அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என விற்பவருக்கே வகுப்பெடுத்தார். கடைசியில், உள்ளே இரண்டு ஃபேனும் அடிப்பக்கம் முழுக்கக் காற்றுத் துளைகளும் கொண்ட தடியான ஒன்றை எடுத்தார். நல்ல தேர்வுதான், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

“சார், அடியில ஒட்டியிருக்கிற கவரை உரிச்சுரட்டுமா?” என்று கடைக்காரர் கை வைத்தார்.

“கையை எடுங்க! புதுசு அப்படியே இருக்கட்டும்.”

அப்புறம் கேட்கவேண்டுமா? கார் இரண்டு வளைவு திரும்புவதற்குள் லேப்டாப் அடுப்பாகக் கொதிக்கும். படம் விக்கி விக்கி நகர்ந்து, பிறகு மொத்தமாக அணைந்துவிடும். அடியில் வைத்தால் காற்றடிக்கும் கூலிங் பேட் வாங்கினார். அதற்கும் உறை. புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை உயரத் தூக்கிவைத்தார். என் அறை டேபிள் ஃபேனும் பறிபோனது. லேப்டாப் காற்று வாங்கியது, நான் வியர்வையில் குளித்தேன். அவரோ லேப்டாப் செய்த கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் மேஜை, அலமாரி செய்யும் நிறுவனம் ஒன்று அக்காவை வேலைக்கு எடுக்க யோசித்தது. ஒரு சமையலறையை வரைந்து சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கூடிவந்த முதல் வேலை. படம் முக்கால்வாசி உருவாகும்போதெல்லாம் லேப்டாப் அணைந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அதைக் கவிழ்த்தாள். துளைகளை மூடியிருந்த பிளாஸ்டிக் சூட்டில் குமிழ் விட்டிருந்தது.

“இதை உரிச்சா போதுமே! உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். உரிச்சா பழசாயிடும்ல?”

“என் வேலை போயிடும்ங்க.”

“வேலை இன்னொண்ணு வரும். கவர் வருமா?”

எனக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது. அக்கா நகத்தால் ஓரத்தை நெம்பினாள். ஒரே இழுப்பு.

“காத்து போகலைன்னா எந்த மிஷினும் செத்துரும்னு நீங்கதான சொல்வீங்க” என்றாள்.

படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது. அவள் அதைச் சொன்னபோது அத்தான் “ம்” என்றார், அவ்வளவுதான். உரித்த உறையை ஈரத்துணியால் துடைத்து மறுபடி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒட்டவில்லை. இழவு வீட்டு முகத்தோடு வாரம் முழுக்கத் திரிந்தார்.

சில மாதம் கழித்து அக்கா தன் சம்பளத்தில் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்கி வந்தாள். திறப்பதற்கு முன்பே மேலே, கீழே, ஓரத்தில் என்று எல்லா உறையையும் உரித்து அத்தானிடம் நீட்டினாள்.

“இந்தாங்க, உங்க பங்கு.”

குத்தல் என்று உறைக்கும் அளவுக்காவது அவருக்கு ரோஷம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதைக் கசங்காமல் வாங்கி, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.